அணையாய் நிற்கும் எண்ணம்

எண்ணத்துக்கு உடல் உண்டா? அதைக் கையால் தொட முடியுமா? பென்னிகுயிக்கின் வாழ்க்கை இதற்கு விடை சொல்கிறது.

மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்று 1789-ல் ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை எண்ணினார். ஆள் அனுப்பி மலையையும் பார்த்துவரச் செய்தார். பணம் இல்லை. எண்ணம் எண்ணமாகவே நின்றுவிட்டது.

1841-ல் புனாவில் பிறந்த ராணுவ எஞ்சினீயர் பென்னிகுயிக், அந்த எண்ணத்துக்குக் கணக்கும் வரைபடமும் கொடுத்தார். 1887-ல் வேலை தொடங்கியது. கட்டியதை வெள்ளம் அடித்துச் சென்றது. காட்டுக் காய்ச்சல் தொழிலாளர் பலரைப் பலி கொண்டது. ஆனால் வெள்ளம் கொண்டுபோனது கல்லைத்தான், எண்ணத்தை அல்ல. மறுபடியும் கட்டினார்கள். 1895-ல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தண்ணீர் வந்தது. அன்று பெரியகுளம் தாலுகாவில் இருந்த கம்பம் பள்ளத்தாக்கு செழித்தது.

1911-ல் பென்னிகுயிக் மறைந்தார். எண்ணத்துக்கென்று தனி உடல் கிடையாது. முதலில் அது ஒருவர் மூளையில் தங்குகிறது, பிறகு தாளில், பிறகு ஆயிரம் தொழிலாளர் கைகளில். அந்தக் கைகள் இல்லாவிட்டால் அது மூளையோடு மடியும். கம்பத்து வயலில் நாற்று நடும் பெண்ணின் காலை நனைக்கிறதே நீர், அதுதான் அந்தப் பழைய எண்ணத்தின் உடல்.