திருச்செல்வம்: கோட்டைக்குள் முடிந்த அமைச்சுப் பதவி

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் திருகோணமலையில் ஒரு கேள்வி எழுகிறது. இவ்வளவு காலமும் வீட்டுச் சின்னத்துக்கு வாக்களித்து என்ன கண்டோம் என்பதுதான் அது. உட்துறைமுக வீதியிலும் மீன் சந்தையிலும் கோயில் வாசலிலும் அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது அதைக் கேட்பவர்கள் இளையவர்கள். ஆனால் கேள்வி பழையது. 1970ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்கு முன்பும் எங்கள் தந்தையர் அதையேதான் கேட்டார்கள். அன்று அந்தக் கேள்வியின் நடுவில் நின்றவர் மு. திருச்செல்வம்.

இன்றைய தலைமுறைக்கு அவரை நீலன் திருச்செல்வத்தின் தந்தை என்று சொன்னால்தான் தெரியும். 1907ஆம் ஆண்டு நவம்பரில் பிறந்தவர். சட்டம் படித்து, அரச சட்டத்துறையில் சேர்ந்து, சொலிசிட்டர் ஜெனரல் பதவி வரை உயர்ந்தவர். இராணிச் சட்டத்தரணி. அரச சேவையை விட்டு வந்தபின் தமிழரசுக் கட்சியின் முக்கிய ஆலோசகர்களில் ஒருவரானார். மேடைகளால் அறியப்பட்டவர் அல்ல. கொழும்பில் இருந்துகொண்டு கட்சிக்காகப் பேரம் பேசவும் சட்ட வாசகங்களை எழுதவும் வல்லவராக இருந்தார்.

1965 மார்ச் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 66 ஆசனங்கள். சுதந்திரக் கட்சிக்கு 41. தமிழரசுக் கட்சியிடம் 14 இருந்தன. மார்ச் 24ஆம் திகதி டட்லி சேனநாயக்கவும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தார்கள். வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம், நீதிமன்றங்களில் தமிழ், மாவட்ட சபைகள், குடியேற்றத் திட்டங்களில் காணி வழங்கும்போது மாவட்டத்தின் காணியற்றோருக்கும் அடுத்ததாக வடக்கு கிழக்குத் தமிழ் பேசும் மக்களுக்கும் முன்னுரிமை என்பனவே அதன் சாரம். கந்தளாயும் அல்லையும் கண்ணுக்கு முன்னே மாறிக்கொண்டிருந்த எங்கள் மாவட்டத்துக்கு இந்தக் கடைசி அம்சம்தான் உயிர்நாடி. ஆனால் அந்த ஒப்பந்தம் அப்போது மக்கள் முன் வைக்கப்படவில்லை.

அரசாங்கத்தில் பங்கெடுப்பதிலும் கட்சி ஓர் உத்தியைக் கையாண்டது. சமஷ்டி கிடைக்கும் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவரும் அமைச்சர் ஆவதில்லை. ஆனால் உடன்பாட்டை நிறைவேற்ற அமைச்சரவைக்குள் ஓர் ஆள் வேண்டும். எனவே திருச்செல்வம் செனற் சபைக்கு அனுப்பப்பட்டு உள்ளூராட்சி அமைச்சரானார். கட்சியின் கை சுத்தமாக இருக்கவேண்டும், வேலையும் நடக்கவேண்டும் என்ற கணக்கு அது. இந்தக் கணக்குக்கு ஒரு விலை இருந்தது. தமிழ் மக்களின் பெயரால் அமைச்சரவையில் இருந்தவர் எந்தத் தமிழ்த் தொகுதிக்கும் பதில் சொல்லவேண்டியவராக இருக்கவில்லை.

என் தந்தையார் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். 1957 ஒக்ரோபரில் பிரித்தானியர் தளத்தைக் கையளித்த பிறகு வேலை தேடி அலைந்தவர்களில் அவரும் ஒருவர். தமிழ் அமைச்சர் வந்துவிட்டார் என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்ததாகச் சொல்வார். அந்த அமைச்சர் என்ன வாக்குறுதியுடன் போயிருக்கிறார் என்பதை யாரும் தங்களுக்குச் சொல்லவில்லை என்றும் சொல்வார்.

திருச்செல்வம் சும்மா இருக்கவில்லை. 1966 ஜனவரியில் தமிழ்மொழி ஒழுங்குவிதிகள் நிறைவேறின. மாவட்ட சபைகளுக்கான வரைபில் அவருடைய உழைப்பு இருந்தது. 1968 ஜூனில் அது வெள்ளை அறிக்கையாக வெளிவந்தது. எதிர்க்கட்சிகள் எதிர்த்தன. ஆளும் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. டட்லி பின்வாங்கினார். 1957இல் பண்டாரநாயக்கவுடன் செய்த உடன்படிக்கை அடுத்த ஆண்டே கிழிக்கப்பட்டதைப் பார்த்த கட்சி, பதினொரு வருடங்களில் அதே முடிவை இரண்டாவது முறையாகப் பார்த்தது.

அதன் பிறகும் கட்சி உடனே வெளியேறவில்லை. வெளியேற்றியது எங்கள் கோணேசர் மலை.

போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்களால் எழுந்தது திருகோணமலைக் கோட்டை. பிரித்தானியர் அதற்கு பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். 1963இல் மலையுச்சியில் திருப்பணி முடிந்து குடமுழுக்கு நடந்தது. கோட்டைக்குள் உள்ள கோயில் சூழலைப் புனித நகராக்கவேண்டும் என்று திருகோணமலை இந்துக்கள் கேட்டார்கள். அநுராதபுரத்துக்கு ஏற்கனவே கிடைத்திருந்த பாதுகாப்பு அது. திருச்செல்வம் அதை ஆராய ஒரு குழுவை நியமித்தார். பிரகடனம் செய்யவில்லை. ஆராயத்தான் சொன்னார். பௌத்த பிக்கு ஒருவர் பிரதமருக்கு ஆட்சேபம் தெரிவித்து எழுதினார். அமைச்சரைக் கலந்தாலோசிக்காமலே பிரதமர் அந்தக் குழுவை நிறுத்தினார்.

1968 செப்ரெம்பரில் திருச்செல்வம் பதவி விலகினார். கட்சியும் அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. ஒரு குழுவைக்கூட நியமிக்க முடியாத அமைச்சுப் பதவியின் உண்மைப் பெறுமதி அன்று தெரிந்தது. அவருடைய விலகலை நான் குறை சொல்லமாட்டேன். சுயமரியாதையுள்ள ஒருவர் செய்யக்கூடியது அதுதான். ஆனால் மூன்றரை வருடங்களாக என்ன நடந்தது, எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை, ஏன் இவ்வளவு காலம் உள்ளே இருந்தோம் என்று மக்களுக்குக் கணக்குக் காட்ட அடுத்த தேர்தல் வரை கட்சிக்கு இருபது மாதங்கள் இருந்தன. அது சரியாக நடக்கவில்லை. ஆளடையாள அட்டைச் சட்டமூலத்தில் முரண்பட்ட வி. நவரத்தினம் வெளியேற்றப்பட்டு, தமிழர் சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கினார். கட்சியின் 1970 விஞ்ஞாபனமோ நாட்டைப் பிரிப்பதை நிராகரித்து, மீண்டும் சமஷ்டியையே கேட்டது.

1970 மே 27ஆம் திகதி வடக்கு பதில் சொன்னது. வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கம் தோற்றார். நல்லூரில் நாகநாதன் தோற்றார். தேசிய அரசாங்கத்தை ஆதரித்த தமிழ்க் காங்கிரஸின் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் யாழ்ப்பாணத்தில் தோற்றார். உடுப்பிட்டியில் மு. சிவசிதம்பரமும் தோற்றார். சுயாட்சி கேட்ட நவரத்தினமும் ஊர்காவற்றுறையில் தோற்றார். மக்கள் ஒரு கொள்கையை விட்டு இன்னொரு கொள்கைக்குப் போனதாக இதை வாசிக்க முடியாது. எல்லாக் கட்சிகளிலும் முன்வரிசையில் நின்றவர்களை அவர்கள் தண்டித்தார்கள். ஆனாலும் தமிழரசுக் கட்சிக்கு 13 ஆசனங்கள் கிடைத்தன. ஒரேயொரு ஆசனம்தான் குறைந்தது என்று கட்சி ஆறுதல் கொள்ளவும் அந்த எண்ணிக்கை இடம் கொடுத்தது.

திருகோணமலை அப்படித் தண்டிக்கவில்லை. பா. நேமிநாதனைத் தெரிவு செய்தது. மூதூரில் அ. தங்கத்துரை வென்றார். எங்களிடம் கோபம் குறைவாக இருந்ததால் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழ்க் கட்சி தோற்றால் இன்னொரு தமிழர் வருவார். இங்கே வாக்குச் சிதறினால் ஆசனமே போய்விடும். இந்த அச்சம்தான் எங்கள் ஏமாற்றத்தை வாக்குப்பெட்டிக்குள் போகவிடாமல் தடுத்தது. அதனாலேயே கட்சிகள் எங்கள் ஏமாற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

திருச்செல்வம் அதன் பிறகும் ஒதுங்கிவிடவில்லை. 1976இல் அமிர்தலிங்கமும் ஏனைய தலைவர்களும் நிறுத்தப்பட்ட விசேட நீதிமன்ற வழக்கில், செல்வநாயகத்துடனும் முன்னாள் அரசியல் எதிரி பொன்னம்பலத்துடனும் ஒரே பக்கத்தில் தோன்றினார். அதே ஆண்டு மே மாதம் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியிருந்தது. நவம்பரில் அவர் காலமானார். சட்ட வாசகங்களுக்குள் தீர்வைத் தேடிய காலமும் ஏறத்தாழ அவரோடு முடிந்தது. அதற்குப் பின் வந்ததை நாம் அனைவரும் அனுபவித்தோம்.

2024 நவம்பர் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குப் போயின. திருகோணமலையில் தமிழ்க் கட்சிகள் வீட்டுச் சின்னத்தில் ஒன்றாக நின்று, 4இல் ஒன்றைக் காப்பாற்றின. 1970இன் அதே கோலம்தான். கோட்டை வாசலில் இன்னமும் படையினர் நிற்கிறார்கள். கோயிலுக்குப் போகும் வழி குறித்த பிணக்கும் முடியவில்லை.

எனவே அடுத்த தேர்தலில் ஒற்றுமையைக் கேட்டு வருபவர்களிடம் நாங்களும் ஒன்று கேட்கவேண்டும். கொழும்போடு என்ன பேசுகிறீர்கள், எதற்கு ஈடாக எதைக் கொடுக்கிறீர்கள், எந்தக் கட்டத்தில் வெளியேறுவீர்கள் என்பதை வாக்கெடுப்புக்கு முன்னரே எழுத்தில் தாருங்கள். 1965இல் எங்கள் தந்தையருக்கு யாரும் அதைக் கொடுக்கவில்லை.