மாணவரிடம் மாணவரான குரு

பத்தாம் வகுப்பு மாணவி

‘கேள்வி’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவப் பெருந்தகை. ஆசிரியை சொல்லக் கேட்கிறோம். அன்னை சொல்லக் கேட்கிறோம். ஆலயத்தில் மறையுரை கேட்கிறோம். அறிவும் விசுவாசமும் பெரும்பாலும் செவிவழியாகவே நம்மை வந்தடைகின்றன. அப்படியானால் செவி கேளாத குழந்தைக்கு இவை எவ்வழியாக வரும்? இக்கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்தவர் பிரான்சு நாட்டுக் குருவானவர் சார்ல்ஸ் மிஷேல் தெ லெப்பே அடிகளார்.

அடிகளார் 1712-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் வெர்சாய் நகரில் பிறந்தார். தந்தையார் மன்னரின் கட்டடப் பணிகளில் இருந்தவர், வசதியான குடும்பம். குருவாகி மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பதே மகனின் இளமைக் கனவு. ஆனால் அந்நாளில் பிரான்சுத் திருச்சபையில் ஜான்சனியம் என்ற கொள்கையைப் பற்றிப் பெரும் பிணக்கு நிலவியது. அக்கொள்கையைக் கண்டிக்கும் பத்திரத்தில் கையொப்பமிட அவர் மனம் இசையவில்லை. ஆகவே குருப்பட்டம் தள்ளிப்போயிற்று. சட்டம் படித்து வழக்கறிஞரானார். பின்னர் ஆயர் ஒருவரின் ஆதரவால் குருப்பட்டம் கிடைத்தது. அந்த ஆயர் மறைந்த பின்போ, மறையுரை ஆற்றவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் அடிகளாருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கனவு கண்ட பணி கைக்கு எட்டியும் நிலைக்கவில்லை. நடுத்தர வயதைக் கடந்த அவர் பாரிசில் அமைதியாக நாட்களைக் கழித்து வந்தார்.

1760-ஆம் ஆண்டு வாக்கில் ஒருநாள், ஏதோ அலுவலாக ஓர் ஏழை வீட்டிற்குச் சென்றார். தாய் வெளியே போயிருந்தாள். இரட்டையரான இரு பெண்கள் குனிந்து தையல் வேலை செய்துகொண்டிருந்தனர். அடிகளார் பேசினார், பதில் இல்லை. மீண்டும் பேசினார், அவர்கள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இவர்களுக்கு மரியாதை தெரியாதோ என்று அவர் எண்ணிய வேளையில் தாய் திரும்பி வந்தாள். இருவருக்கும் காது கேளாது என்று கண்ணீரோடு கூறினாள். வானேன் என்ற குருவானவர் புனிதர்களின் படங்களைக் காட்டி அவர்களுக்குப் பாடம் சொல்லி வந்தார் என்றும், அவரும் இறந்துவிட்டார் என்றும் தெரிவித்தாள். இறைவனைப் பற்றி ஒன்றும் அறியாமலே இப்பெண்கள் வாழ்ந்து மறைவார்களே என்ற எண்ணம் அடிகளாரின் உள்ளத்தை வாட்டியது. அவர்களுக்குத் தாமே கற்பிக்க முன்வந்தார்.

இந்த இடத்தைப் படித்தபோது நாங்கள் தலைகுனிந்தோம். சென்ற ஆண்டுத் திருவிழாவில் நாங்களும் இதே தவற்றைச் செய்தோம். வளையல் கடையில் எங்கள் வயதுப் பெண் ஒருத்தி பொருள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று முறை விலை கேட்டும் அவள் திரும்பவில்லை. எவ்வளவு திமிர் என்று சொல்லிவிட்டு நடந்தோம். அவளுக்குக் காது கேளாது என்பதைப் பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் அறிந்தோம். அடிகளாரும் முதலில் நம்மைப் போலவே நினைத்தார். ஆனால் அவர் அங்கிருந்து நடந்து போய்விடவில்லை. அங்கேதான் அவருடைய பெருமை தொடங்குகிறது.

காது கேளாதவர்களுக்குக் கற்பிக்க முயன்றவர்கள் அவருக்கு முன்னும் உண்டு. ஆயினும் பெரும்பாலோர் செல்வர் வீட்டுப் பிள்ளைகளைத் தனித்தனியே வைத்து, வாயால் பேசப் பழக்குவதிலேயே முனைந்தனர். அடிகளார் வேறு வழியில் நினைத்தார். பொருளும் ஒலியும் சேர்வது பழக்கத்தினால்தானே? அப்படியானால் செவிக்குப் பதில் கண்ணின் வழியே கருத்தை அனுப்ப முடியாதா? காது கேளாதவர்கள் தங்களுக்குள் கைகளால் பேசிக்கொள்வதை அவர் கூர்ந்து கவனித்தார். அச்சைகைகளைத் தம் மாணவர்களிடமே கற்றார். ஐம்பதை நெருங்கிய குரு, எழுத்தறியாத பிள்ளைகளிடம் பாடம் கேட்டார்!

கற்ற சைகைகளோடு பிரெஞ்சு இலக்கணத்திற்கு வேண்டிய புதிய சைகைகளையும் சேர்த்தார். இறந்த காலத்தைக் குறிக்கக் கையைத் தோளுக்குப் பின்புறமாக வீச வேண்டும். விசுவசிக்கிறேன் என்ற சொல்லை எப்படி விளக்குவது? அறிவால் ஆம் என்கிறேன், இதயத்தால் ஆம் என்கிறேன், வாயால் ஆம் என்கிறேன், ஆனால் கண்ணால் காணவில்லை என்று நான்கு படிகளில் கைகளால் காட்டச் செய்தார். மறைக்கல்வி வகுப்பில் பல ஆண்டுகள் அமர்ந்த எங்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைத்ததில்லை.

பாரிசில் மூலேன் தெருவிலிருந்த அவரது இல்லமே பள்ளியாயிற்று. கட்டணம் கிடையாது. ஏழைப் பிள்ளைகளே அவருக்கு முதன்மையானவர்கள். தந்தையார் விட்டுச் சென்ற சொத்தின் வருமானம் பள்ளிக்கே செலவாயிற்று. 1771-ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் முன்னிலையில் மாணவர்களைத் தேர்வு செய்து காட்டினார். திருவருட்சாதனங்களைப் பற்றிய வினாக்களுக்கு அவர்கள் பல மொழிகளில் விடை எழுதினர். 1777-இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் நேரில் வந்து பார்த்து வியந்தார். தம் நாட்டுக் குரு ஒருவரை அனுப்பி இம்முறையைக் கற்கச் செய்தார். அதன் பயனாக 1779-இல் வியன்னாவில் ஒரு பள்ளி எழுந்தது.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. ஜெர்மனியில் சாமுவேல் ஹைனிக் என்பவர், வாய்ப்பேச்சு இல்லாமல் சிந்தனையே இல்லை என்று வாதிட்டார். இருவரும் கடிதங்களால் மோதினர். 1783-இல் சூரிக் நகரத்து அறிஞர்கள் அடிகளாரின் பக்கமே தீர்ப்புக் கூறினர்.

அடிகளாரிடமும் ஒரு குறை இருந்தது. சைகைகளுக்கு இலக்கணம் இல்லை, தாம்தான் அதைக் கொடுக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். ஆனால் பியேர் தெலோழ் என்ற காது கேளாத புத்தகம் கட்டும் தொழிலாளி 1779-இல் ஒரு நூல் வெளியிட்டார். பள்ளிக்கே போகாத பாரிசின் காது கேளாதோரும் எல்லாவற்றையும் சைகையால் பேசிக்கொள்கிறார்கள் என்று அதில் எடுத்துக்காட்டினார். சைகை மொழிக்குத் தனக்கென்று முழுமையான அமைப்பு உண்டு என்பதை 1960-இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கி ஆராய்ந்து நிறுவினார். ஆக, கைகளுக்கு மொழி தந்தவர் அடிகளார் அல்லர். அவர்களிடம் ஏற்கெனவே இருந்த மொழியை மதித்துப் பள்ளிக்குள் அழைத்து வந்தவர் அவர். அதுவும் சிறிய காரியம் அன்று.

1788-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில், முதுமையடைந்த அடிகளார் தம் அறையில் கணப்பு மூட்ட மறுத்தாராம். விறகுக்காகும் பணம் பிள்ளைகளுக்குச் சொந்தமானது என்பது அவர் எண்ணம். மாணவர்கள் சூழ்ந்து நின்று கண்ணீருடன் கெஞ்சிய பிறகே இணங்கினார் என்று வரலாறு கூறுகிறது. 1789 டிசம்பர் 23-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரு நாட்களுக்கு முன், இறைவனடி சேர்ந்தார். பாரிசின் புனித ரோக் ஆலயத்தில் அவரது உடல் துயில்கிறது. 1791-இல் பிரான்சு அரசு அவர் பள்ளியைத் தேசிய நிறுவனமாக ஏற்றது. அங்குப் பயின்ற காது கேளாத ஆசிரியர் லோரான் கிளேர் 1816-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, மறு ஆண்டு ஹார்ட்ஃபோர்டு நகரில் பள்ளி தொடங்கத் துணைநின்றார்.

ஆயினும் 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வகுப்பில் சைகை கூடாது என்று முடிவு செய்தது. பல நாடுகளில் பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன; காது கேளாத ஆசிரியர்கள் பலர் வேலை இழந்தனர். அம்முடிவுக்காக வருந்துவதாக 2010-இல் வான்கூவர் மாநாடு அறிவித்தது. நூற்று முப்பது ஆண்டுகள்! மாணவரிடம் கேட்காமல் ஆசிரியர்களே முடிவு செய்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவ்வாண்டும் திருவிழாவுக்குச் சென்றோம். அதே வளையல் கடை, அதே பெண். இம்முறை பின்னாலிருந்து கூப்பிடவில்லை. அவள் எதிரே போய் நின்று, வளையலைக் காட்டி, விரல்களை விரித்து விலை கேட்டோம். அவள் சிரித்துவிட்டு, எங்கள் விரல்களைத் திருத்தி, விலை என்பதை எப்படிக் காட்ட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தாள். தெ லெப்பே அடிகளார் படித்த பள்ளியில் எங்களுக்கும் அன்று முதல் பாடம் கிடைத்தது.