ஏழைகளின் பாணும் நிதியமைச்சர் துர்கோவும்

ஒரு நாட்டின் செல்வம் பெருக நல்ல சட்டம் மட்டும் போதாது. அச்சட்டத்தால் இடர்ப்படும் ஏழைகளைத் தாங்குவதற்கான ஒழுங்குகளும் முன்கூட்டியே வேண்டும். இவ்வுண்மையைத் தம் வெற்றியாலும் தோல்வியாலும் உலகுக்கு உணர்த்தியவர், பிரான்சு தேசத்தின் நிதியமைச்சராயிருந்த துர்கோ ஆவார்.

இவர் 1727ஆம் ஆண்டு மே 10ஆம் திகதி பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் அந்நகரின் ஆட்சித் தலைவராய்ப் பணியாற்றியவர். மூன்றாவது மகனான துர்கோவைக் குருவாக்கவே பெற்றோர் விரும்பினர். சோர்போன் கல்விக்கூடத்தில் வேதசாஸ்திரம் பயின்றும், அந்த அழைத்தல் தமக்குரியதன்று எனக் கண்டு, 1751இல் விலகி அரச சேவையிற் சேர்ந்தார்.

1761இல் லிமோஜ் மாகாணத்தின் ஆளுநர் பதவி இவரை வந்தடைந்தது. கஸ்கொட்டையையும் கம்பரிசி மாவையும் உண்டு காலந்தள்ளிய வறிய குடியானவர்களின் மாகாணம் அது. பிரபுக்களுக்கு இல்லாத வரி இவர்கள் மீது சுமத்தப்பட்டிருந்தது. அதற்கும் மேலாக, ஆண்டுதோறும் பல நாட்கள் கூலியின்றித் தெரு வெட்டும் கட்டாய ஊழியமும் இருந்தது. நம் நாட்டில் 1832இல் ஒழிக்கப்பட்ட இராசகாரியத்தை நினைவூட்டும் வழக்கம் இது. துர்கோ இதற்குப் பதிலாகச் சிறு வரி ஒன்றை அறவிட்டு, கூலியாட்களைக் கொண்டு தெருக்களை அமைத்தார். தெருக்கள் திருந்தின, உழவர் தம் வயலில் நின்றனர்.

அவர் கையாண்ட முறையே கவனிக்கத்தக்கது. கட்டளையை அனுப்பிவிட்டு அவர் ஓய்ந்திருக்கவில்லை. ஒவ்வொரு சீர்திருத்தத்தின் காரணத்தையும் விளக்கிப் பங்குக் குருமாருக்குக் கடிதம் எழுதினார். மக்களுக்கு அதை எடுத்துரைக்கும்படியும், எவருடைய பயிர் அழிந்தது, எவருடைய மாடு செத்தது என்று தமக்கு அறிவிக்கும்படியும் வேண்டிக்கொண்டார்.

1769இலும் 1770இலும் விளைச்சல் பொய்த்துக் கொடிய பஞ்சம் வந்தது. தானிய வியாபாரத்தைக் கட்டுப்படுத்தினால் பிற மாகாணத் தானியம் வராது என்று கண்ட துர்கோ, வியாபாரச் சுதந்திரத்தைக் காத்தார். ஆனால் அத்துடன் நிற்கவில்லை. பங்குகள்தோறும் தருமக் கழகங்களை நிறுவினார். வேலை செய்யக்கூடிய ஆண், பெண் யாவருக்கும் நிவாரண வேலைத்தலங்களைத் திறந்தார். வாரக் குடிகளை விரட்டாது அடுத்த அறுவடை வரை போஷிக்கும்படி நிலச்சுவாந்தர்களுக்குக் கட்டளையிட்டார். அரச பணம் போதாதபோது தாமே கடன்பட்டும் உதவினார்.

1774இல் பதினாறாம் லூயி அரசரானார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் துர்கோ நாட்டின் நிதிப் பொறுப்பை ஏற்றார். திறைசேரி கடனில் மூழ்கியிருந்தது. கடனை மறுப்பதில்லை, வரியை உயர்த்துவதில்லை, புதுக்கடன் வாங்குவதில்லை. செலவைக் குறைப்பதே வழி என்று அவர் மன்னருக்கு எழுதினார். செப்டெம்பர் 13ஆம் திகதி நாடெங்கும் தானிய வியாபாரம் சுதந்திரமாக்கப்பட்டது. நல்ல விலை கிடைத்தால் உழவர் மேலும் விளைவிப்பர், பஞ்சம் நிரந்தரமாய் நீங்கும் என்பது அவரின் நம்பிக்கை.

கொள்கை பிழையன்று, காலந்தான் பிழைத்தது. அவ்வாண்டு விளைச்சல் குறைவு. கூலியாளின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி பாணுக்கே போயிற்று. அதுவரை தானியம் சந்தையில் அதிகாரிகளின் கண்முன்னே விற்கப்பட்டது. அந்தக் காவல் ஒரே நாளில் எடுபட்டது. அதன் இடத்தை நிரப்பக்கூடிய வணிகரோ, தெருக்களோ, தருமக் கழகங்களோ நாடெங்கும் இருக்கவில்லை. 1775 ஏப்ரல் இறுதியில் கலகம் வெடித்தது. மக்கள் மாவைப் பறித்து, தாம் நியாயமெனக் கருதிய விலையைக் கொடுத்துச் சென்றனர். மூன்று வாரங்களுக்குள் 300க்கும் மேற்பட்ட குழப்பங்கள் நிகழ்ந்தன. துர்கோ படையை அழைத்தார். மே 11ஆம் திகதி பாரிஸில் இருவர் தூக்கிலிடப்பட்டனர். இறக்குமதிக்கு ஊக்கப்பணமும் பாரிஸில் நிவாரண வேலையும் அவ்வேளையிலேயே வந்தன. லிமோஜில் நிவாரணம் வியாபாரச் சுதந்திரத்தோடு கைகோத்து நடந்தது. இங்கோ அது பின்னால் ஓடிவந்தது.

அவர் தளரவில்லை. 1776இல் ஆறு கட்டளைச் சட்டங்களைக் கொணர்ந்தார். கட்டாயத் தெரு ஊழியத்தை ஒழித்து அதன் செலவைப் பிரபுக்கள் உட்பட நில உடைமையாளர் மீது சுமத்துவது ஒன்று. தொழில் செய்யும் உரிமையைத் தம் கைக்குள் அடக்கிவைத்த கைவினைச் சங்கங்களைக் கலைப்பது இன்னொன்று. பிரபுக்களும் நீதிமன்றத்தாரும் கொதித்தெழுந்தனர். மார்ச் 12ஆம் திகதி மன்னர் தம் அதிகாரத்தால் அவற்றைப் பதிவுசெய்வித்தார். எனினும் அரண்மனையின் பகை ஓங்கியது. மே 12ஆம் திகதி அமைச்சர் நீக்கப்பட்டார். ஆகஸ்ட் மாதத்தில் ஊழியமும் சங்கங்களும் மீண்டும் வந்தன.

அமெரிக்கப் போரில் இறங்கினால் திறைசேரி தாங்காது என்று அவர் எச்சரித்திருந்தார். 1778இல் பிரான்சு கடன்பட்டுப் போரில் இறங்கிற்று. 1781 மார்ச் 18ஆம் திகதி துர்கோ தமது 53ஆம் வயதிற் காலமானார். 1787இல் அதே மன்னர் ஊழியத்தை ஒழிக்க நேர்ந்தது, அதற்குள் காலங்கடந்துவிட்டது. 1789இல் புரட்சி வெடித்தது.

துர்கோவின் கணக்குப் பெரும்பாலும் சரியே. ஆயினும் பத்தாண்டில் வரும் நன்மைக்காக, இந்த வாரப் பாணை இழக்கும்படி ஏழையிடம் கேட்க எந்த அரசாலும் இயலாது. லிமோஜில் அவர் இதை அறிந்து நடந்தார். அங்கே அவர் சீர்திருத்தம் நிலைத்தது. ஆட்சியாளர் கற்கவேண்டிய பாடம் அந்த வறிய மாகாணத்திலேதான் இருக்கிறது.