வெள்ளைச் சிறுவர்களிடம் எழுத்துக் கற்ற அடிமை

நிறவெறி மனிதனின் பிறவிக் குணமா? அல்லது பிறர் சொல்லிக் கொடுத்து வருவதா? இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலாக வைத்தவர் பிரெடரிக் டக்ளஸ். அமெரிக்க அடிமைகளின் விடுதலைக்காகப் போராடிய மாபெரும் தலைவர் அவர்.

தாய் முகம்

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் 1818-ம் ஆண்டு டக்ளஸ் பிறந்தார். தாயார் ஹேரியட் பெய்லி, வயலில் வேலை செய்த அடிமை. தந்தை ஒரு வெள்ளைக்காரர் என்று பேசிக்கொண்டார்கள்; யார் என்பது தெரியாது. தாம் பிறந்த தேதியும் டக்ளசுக்குக் கடைசி வரை தெரியாது.

குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, தாயாரைத் தூரத்துப் பண்ணைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பகல் முழுவதும் உழைத்துவிட்டு, இரவில் 12 மைல் நடந்து வந்து மகனைப் பார்ப்பார். விடிவதற்குள் வயலுக்குத் திரும்பிவிட வேண்டும், தாமதித்தால் சவுக்கடி. இப்படித் தாயை அவர் பார்த்தது நாலைந்து முறைதான். அவருக்கு 7 வயது ஆகும்போது தாயார் இறந்துபோனார்.

பண்ணையாரின் கடைசி மகன் டேனியல், டக்ளசிடம் ஒட்டிக்கொண்டான். தனக்குக் கிடைத்த கேக்கைப் பங்கு போட்டுக் கொடுத்தான். பெரிய பையன்கள் டக்ளசை அடிக்க வந்தால் குறுக்கே நின்று தடுத்தான். ஒருவன் எஜமானின் பிள்ளை, ஒருவன் அடிமையின் பிள்ளை. அந்த வித்தியாசம் டேனியலுக்கு இன்னும் புரியாத வயது.

எஜமானியின் மாற்றம்

1826-ல் டக்ளசை பால்டிமோர் நகருக்கு அனுப்பினார்கள். ஹியூ ஆல்டு என்பவரின் சிறு மகனைக் கவனித்துக்கொள்வது வேலை. ஹியூவின் மனைவி சோபியா, கல்யாணத்துக்கு முன் நெசவு செய்து பிழைத்தவர். அதுவரை அடிமை வைத்து ஆண்டு பழக்கம் இல்லாதவர். டக்ளசைத் தன் பிள்ளையைப் போலவே நடத்தினார். நிறைய ரொட்டி, நல்ல துணி கொடுத்தார். எழுத்தும் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்.

கணவருக்கு இது தெரிந்தது. அடிமைக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் அவன் அடிமையாக இருக்கமாட்டான் என்று மனைவியைக் கண்டித்தார். பாடம் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக சோபியாவின் மனமும் கல்லாகிவிட்டது. பிறகு கணவரைவிடக் கடுமையானார். டக்ளஸ் கையில் செய்தித்தாளைப் பார்த்தால் பாய்ந்து வந்து பிடுங்குவார்.

பின்னாளில் டக்ளஸ் இதைப் பற்றி எழுதும்போது சோபியாவைத் திட்டவில்லை. ஒரு மனிதனை மிருகமாக நடத்துவதற்கு அந்த அம்மாளுக்கும் பயிற்சி தேவைப்பட்டது என்றே விளக்கினார்.

ரொட்டிக்குப் பாடம்

டக்ளஸ் சும்மா இருக்கவில்லை. கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ரொட்டி எடுத்துக்கொள்வார். தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு வயிற்றுப் பசி; இவருக்கு எழுத்துப் பசி. ரொட்டியைக் கொடுத்துப் பாடம் கேட்டுக்கொண்டார்.

உங்களுக்கு 21 வயதானால் சுதந்திரம், நான் மட்டும் ஆயுள் முழுவதும் அடிமைதானா என்று அவர்களிடம் கேட்பார். சிறுவர்களின் முகம் வாடிவிடும். உனக்கும் ஒருநாள் விடுதலை வரும் என்று தேற்றுவார்கள். தாம் அடிமையாக இருந்த காலத்தில், அடிமை முறை நியாயம் என்று வாதாடிய ஒரு சிறுவனைக்கூடச் சந்தித்ததில்லை என்று 1855-ல் வெளியான தமது நூலில் டக்ளஸ் எழுதினார்.

கப்பல் பட்டறையில்

பெரியவர்கள் உலகம் வேறு விதமாக இருந்தது. 1836-ல் ஒரு கப்பல் கட்டும் பட்டறையில் டக்ளசை வேலைக்குச் சேர்த்தார்கள். அங்கே வெள்ளைத் தச்சர்களும் கறுப்புத் தச்சர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்துவந்தார்கள். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஒருநாள் திடீரென்று வெள்ளையர் கருவிகளைக் கீழே வைத்தார்கள். கறுப்பர்கள் இருந்தால் தங்கள் பிழைப்பு போய்விடும் என்ற பயம் அவர்களைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பகை பயிற்சிப் பையன்களிடமும் பரவியது. 4 பேர் சேர்ந்து டக்ளசைத் தாக்கினார்கள். கண் பிதுங்கிவிட்டது. சுற்றி நின்ற தச்சர்களில் ஒருவரும் தடுக்கவில்லை. நேற்று வரை சேர்ந்து உழைத்தவர்களின் ரத்தம் ஒரே நாளில் மாறிவிடுமா? மாறியது கூலியைப் பற்றிய பயம்தான். ஏழை வெள்ளையனைக் கறுப்பனுக்கு எதிராகத் தூண்டிவிட்டு, இருவர் உழைப்பையும் முதலாளி சுரண்டுகிறான் என்று டக்ளஸ் பிற்காலத்தில் எழுதினார்.

ரத்தம் வழிய வீடு திரும்பியவரைப் பார்த்ததும் சோபியா அழுதுவிட்டார். முகத்தைக் கழுவி, தாயைப் போலக் கட்டுப்போட்டார். மறைந்துபோன பழைய இரக்கம் அன்று திரும்பி வந்தது. சட்டம் இரங்கவில்லை. வெள்ளையர் யாராவது சாட்சி சொன்னால்தான் நடவடிக்கை என்று நீதிபதி கைவிரித்தார்.

தப்பி ஓட்டம்

1838 செப்டம்பர் 3-ந் தேதி, கடலோடி போல உடை தரித்து, இரவல் வாங்கிய சான்றிதழுடன் ரெயில் ஏறினார் டக்ளஸ். ஒரு நாளுக்குள் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். பணம் கொடுத்து உதவிய ஆனா முர்ரே என்ற கறுப்புப் பெண்ணை அங்கே மணந்துகொண்டார். பின்னர் நியூ பெட்போர்டு நகரில் குடியேறினார். அது அடிமை முறை இல்லாத ஊர். ஆனாலும் கப்பலுக்குக் கலப்பத்து அடிக்கும் வேலை தெரிந்த அவரை வெள்ளைத் தொழிலாளர் சேர்க்க மறுத்தனர். 2 டாலர் கிடைக்க வேண்டிய இடத்தில், விறகு அறுத்தும் கரி அள்ளியும் 1 டாலருக்கு உழைத்தார்.

1841-ல் மேடை ஏறினார். 1845-ல் சுயசரிதை வெளிவந்தது. பிடிபடும் அபாயத்தால் அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் சென்றார். அங்கே ஓட்டலிலும் வண்டியிலும் யாரும் அவரை ஒதுக்கவில்லை. அதே தோல், அதே மனிதர். நாடு மாறியதும் வெறுப்பைக் காணவில்லை. அங்கிருந்த நண்பர்கள் 1846-ல் 150 பவுன் கொடுத்து அவருடைய விடுதலையை வாங்கினார்கள்.

மகளின் பள்ளிக்கூடம்

நாடு திரும்பி ராச்செஸ்டர் நகரில் பத்திரிகை தொடங்கினார். 1848-ல் 9 வயது மகள் ரொசெட்டாவைத் தனியார் பெண்கள் பள்ளியில் சேர்த்தார். அவளை மட்டும் தனி அறையில் உட்கார வைத்தார்கள். டக்ளஸ் கண்டித்ததும், தலைமை ஆசிரியை மாணவிகளிடம் ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்டார். ஒருத்திகூட ஆட்சேபிக்கவில்லை. எங்கே உட்கார வைக்கலாம் என்று கேட்டதற்கு, என் பக்கத்தில், என் பக்கத்தில் என்று போட்டி போட்டார்கள்.

ஆசிரியை அதோடு விடவில்லை. பெற்றோரையும் கேட்டார். ஒரே ஒரு தகப்பனார் மறுப்புத் தெரிவித்தார். ரொசெட்டா வெளியேற்றப்பட்டாள். டக்ளஸ் அந்தத் தகப்பனாருக்குத் தமது பத்திரிகையிலேயே பகிரங்கக் கடிதம் எழுதினார். நகரப் பள்ளிகள் எல்லோருக்கும் திறக்கவேண்டும் என்று தொடர்ந்து போராடி, 1857-ல் வெற்றி கண்டார்.

போரும் முதுமையும்

உள்நாட்டுப் போரில் தம் மகன்களில் இருவரைப் படைக்கு அனுப்பினார். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், கறுப்புச் சிப்பாய்க்குப் பிடித்தம் போக 7 டாலர் என்ற அநீதியை 1863-ல் ஜனாதிபதி லிங்கனை நேரில் கண்டு எடுத்துரைத்தார். மறு ஆண்டு சமச் சம்பளச் சட்டம் வந்தது. 1865-ல் அடிமை முறையே ஒழிந்தது.

1877-ல் தம் பழைய எஜமானர் தாமஸ் ஆல்டு மரணப் படுக்கையில் இருந்தபோது போய்ப் பார்த்தார். இருவரும் கண்ணீர் விட்டனர். ஆனா இறந்தபின், 1884-ல் ஹெலன் பிட்ஸ் என்ற வெள்ளைப் பெண்மணியை மணந்தார். இரு தரப்பு உறவினரும் எதிர்த்தனர். அவர் கலங்கவில்லை.

1895 பிப்ரவரி 20-ந் தேதி பெண்கள் மாநாட்டுக்குப் போய்த் திரும்பிய டக்ளஸ், வீட்டில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே உயிர் நீத்தார்.

இன்றைய ஆராய்ச்சியும் அவர் பக்கமே பேசுகிறது. பிறந்த சிசு எந்த இன முகத்தையும் விசேஷமாக நாடுவதில்லை. 3 மாதம் ஆனபின், பழகிய முகங்களைப் போன்றவற்றையே அதிகம் பார்க்கிறது என்று 2005-ல் வெளியான ஆய்வு காட்டியது. பழகிய முகத்தை நாடுவது இயற்கை. மற்ற முகத்தை வெறுக்கப் பெரியவர்கள் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. அந்தப் பாடத்தை நடத்தாமல் இருப்பதும் பெரியவர்கள் கையில்தான் இருக்கிறது.