நிழலில் ஒளி கண்ட அம்மையார்

விளக்கைத் தூண்டினால் வெளிச்சம் கூடும் என்பதை அனைவரும் அறிவோம். ஆனால், வெளிச்சத்தைக் குறைத்தால் ஒரு முகத்தின் அழகு கூடும் என்பதை அறிந்தவர் சிலரே. அவருள் தலையாயவர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார்.

அம்மையார் 1815-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. தாய் பிரெஞ்சுக் குலத்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டி, நம் கடலூரை அடுத்துள்ள புதுச்சேரியில் பிறந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். 1838-ல் சார்லஸ் ஹே கேமரன் என்னும் சட்ட அறிஞரை மணந்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் குடும்பம் இங்கிலாந்து சென்று, பிற்காலத்தில் வைட் தீவில் குடியேறியது.

ஆறு மக்களைப் பெற்ற அம்மையார், பெற்றோரை இழந்த உறவினர் குழந்தைகளையும் வளர்த்தார். பிச்சை எடுத்துத் திரிந்த மேரி ரையன் என்ற அயர்லாந்துச் சிறுமியையும் வீட்டில் சேர்த்துக் கல்வி கொடுத்தார். அந்த மேரியை 1867-ல் மணந்த ஹென்றி காட்டன்தான் 1904-ல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவரானார்!

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தனர். அப்போது அம்மையாருக்கு வயது 48. கற்றுக்கொடுக்க ஆசிரியர் இல்லை. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று, கோழிக்கூண்டு ஸ்டூடியோவாயிற்று. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவ வேண்டும். வெள்ளி உப்புப் பட்டுக் கைகள் கறுத்தன. அமர்ந்திருப்பவரோ பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும்!

அக்கால ஸ்டூடியோக்களில் முகம் முழுவதும் சமமாக வெளிச்சம் விழும். அம்மையார் திரைகளால் ஒளியைத் தடுத்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவிட்டார். பின்னால் கறுப்புத் துணி. தோளிலும் கறுப்புப் போர்வை. முகத்தின் பாதி ஒளியிலும் மீதி இருளிலும் நிற்க, அந்த மனிதரின் உள்ளமே வெளிப்பட்டது. இதனையே இன்று சிதம்பரத்து ஸ்டூடியோக்காரரும் லோ-கீ லைட்டிங் என்பர். வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷெலை 1867-ல் எடுத்த படத்தில், இருளிலிருந்து அவரது முகமும் வெண்முடியும் நட்சத்திரம்போல் ஒளிர்கின்றன. அம்முடி அழகாகத் தெரியவேண்டும் என்று, தலையைக் கழுவி வரச் செய்தாராம்! டென்னிசன், டார்வின் ஆகியோரையும் படமெடுத்தார். பணிப்பெண் மேரி ஹில்லியரைத் தேவமாதாவாக அமர்த்தி எடுத்த படங்கள் மிகப் புகழ் பெற்றவை.

படங்கள் தெளிவில்லை, கறைகள் உள்ளன என்று புகைப்படக்காரர்கள் ஏளனம் செய்தனர். அம்மையார் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. ஏறத்தாழ 1,200 படங்கள் அவர் கைவண்ணமாக எஞ்சியுள்ளன.

கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. இலைநோயால் காப்பி அழிந்து வருமானம் குன்றியது. 1875-ல் இருவரும் இலங்கை சென்றனர். அங்கே தோட்டத் தொழிலாளரையும் ஊர் மக்களையும் அம்மையார் படமெடுத்தார். ஆயினும் ஒரு குறையைச் சொல்லாதிருக்க இயலவில்லை. கவிஞர், அறிஞர் பெயர்களையெல்லாம் பொறித்து வைத்தவர், அந்த எளியவர்களுள் பெரும்பாலோரின் பெயர்களைக் குறித்து வைக்கவில்லை. முகங்கள் நம்மைப் பார்க்கின்றன. இன்னார் என்று அழைக்க வழியில்லை.

1879 ஜனவரி 26-ல் அம்மையார் இலங்கையில் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில், இன்று தமிழர் தேயிலை பறிக்கும் மலைகளின் நடுவே, துயில் கொள்கிறார்.

அன்புத் தோழியரே! வயது கடந்துவிட்டது என்று நம் அன்னையரும், நமக்கு வராது என்று நாமும் கைவிட்ட கலைகள் எத்தனை! 48 வயதில் கோழிக்கூண்டில் தொடங்கிய அம்மையாரை எண்ணி, இன்றே தொடங்குவோமாக. எளியவரின் பெயரையும் மறவாது எழுதி வைப்போமாக.

— பத்தாம் வகுப்பு மாணவி