உலகுக்கு அஞ்சல் வழி வகுத்த ஜான் போஸ்டல்



ஆலங்காயம் அஞ்சலகத்தில் நாம் இடும் கடிதம் ஜப்பானுக்கும் போகிறது, பிரான்சுக்கும் போகிறது. நாட்டுக்கு நாடு மொழி வேறு, தபால்தலை வேறு. ஆயினும் கடிதம் தடையின்றிச் சேர்கிறது. 1874-இல் பல நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையே அதற்குக் காரணம். மின்னஞ்சலுக்கும் அப்படியோர் உடன்படிக்கை தேவைப்பட்டது. அதை வகுப்பதில் முன்னின்ற ஜான் போஸ்டல் அவர்களின் வாழ்வை இங்கே காண்போம்.

இவர் 1943 ஆகஸ்டு 6-ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1974-இல் டாக்டர் பட்டம் பெற்றார். இவர் அங்கு மாணவராயிருந்தபோது, 1969-இல், அர்பாநெட் என்னும் கணிப்பொறி வலையமைப்பின் முதல் நிலையம் அங்கேயே அமைந்தது. வலையமைப்பில் எதற்கு எந்த எண் என்று யாரேனும் குறித்து வைக்க வேண்டும். புகழ் தராத அந்த வேலையை இவர் மனமுவந்து ஏற்றார், இறுதிவரை செய்தார்.

காலப்போக்கில் வேறு வலையமைப்புகளும் தோன்றின. 1981-இல் பிட்நெட், சி.எஸ்.நெட் ஆகியவை வந்தன. ஒவ்வொன்றும் தனித் தீவு. ஒவ்வொன்றுக்கும் தனி விதி. யூ.யூ.சி.பி. என்ற முறையிலோ, கடிதம் கடக்க வேண்டிய கணிப்பொறிகளின் பெயர்களையெல்லாம் அனுப்புபவரே வரிசையாக எழுத வேண்டும். ஒரு பெயர் பிழைத்தாலும் கடிதம் போய்ச் சேராது.

இத்துயர் தீரப் போஸ்டல் உழைத்தார். சுசான் ஸ்லூய்சர் என்னும் பெண்மணியுடன் சேர்ந்து 1980-இல் ஒரு முன்வரைவு எழுதினார். 1982 ஆகஸ்டில் எஸ்.எம்.டி.பி. என்னும் எளிய அஞ்சல் விதிகளை வெளியிட்டார். அனுப்பும் கணிப்பொறி முதலில் வணக்கம் சொல்லும். யாரிடமிருந்து, யாருக்கு என்று கூறும். பின்பே கடிதத்தைத் தரும். ஒவ்வொரு படியிலும் பெறும் கணிப்பொறி மறுமொழி சொல்லும். இரு வலையமைப்புகளுக்கிடையே நின்ற வாயிற் கணிப்பொறிகள், ஒரு பக்கத்து முறையை மறுபக்கத்து முறைக்கு மாற்றிக் கடிதத்தைக் கடத்தின. அடுத்த ஆண்டு, போஸ்டல் கேட்டுக்கொண்டபடி பால் மொக்கபெட்ரிஸ் பெயர் முறையை அமைத்தார். இனி வழியை எழுத வேண்டியதில்லை. முகவரி போதும் என்றாயிற்று.

நாடுகளுக்குரிய ஈரெழுத்துக் குறிகளையும் போஸ்டலே ஒப்படைத்து வந்தார். எது நாடு என்று தீர்ப்பிடுவது தம் வேலையன்று எனக் கருதி, உலகத் தர அமைப்பின் பட்டியலையே பின்பற்றினார். இதனால் பெரிய நாடும் சிறிய தீவும் சமமாயின. இந்தியாவின் குறி 1989-இல் பதிவாயிற்று. அதற்கு முன்பே, 1986-இல், எர்நெட் திட்டம் நம் நாட்டில் தொடங்கியிருந்தது. அதில் பங்குகொண்ட எட்டு நிறுவனங்களுள் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று.

நீண்ட தாடி, காலில் செருப்பு, எளிய உடை: இதுவே இவர் தோற்றம். நம் ஜவ்வாது மலைச் சிறுமியரைப் போலவே மலைப்பாதையில் நடப்பதில் இவருக்குப் பெருவிருப்பம். 1998 அக்டோபர் 16-ஆம் நாள், தமது 55-ஆம் வயதில், இதய நோயால் மறைந்தார்.

தான் அனுப்புவதில் கண்டிப்பு, பிறரிடமிருந்து பெறுவதில் பொறுமை: கணிப்பொறிகளுக்கு இவர் வகுத்த நெறி இது. பிறர் சொல்லில் சிறு பிழை இருப்பினும் பொருளறிந்து ஏற்போம். நம் சொல்லிலோ பிழை நேராமல் காப்போம். வகுப்பறையிலும் இல்லத்திலும் இந்நெறியை நாம் கைக்கொண்டால், நம்மிடையே உள்ள தீவுகளும் இணையும் அன்றோ!