தி. நகரில் அந்த ‘தி’ யார்?

தீபாவளிக்குத் துணி எடுக்க பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் தி. நகருக்கு பஸ் ஏறாத குடும்பம் நம் குடியிருப்பில் குறைவு. அந்த ‘தி’ சர் பிட்டி தியாகராயர். 1852-இல் பிறந்த வடசென்னைக்காரர். நெசவாளர் குலம். பட்டுப்புடவை வாங்கும் இடத்துக்குப் பொருத்தமான பெயர்தான்!

1916-இல் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1920 தேர்தலில் கட்சி வென்றதும் முதலமைச்சர் பதவி தேடி வந்தது. வேண்டாமென்று சொல்லிவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார். (நம் சங்கத்தில் செயலாளர் பதவியை வேண்டாம் என்பது வேறு கதை.)

அவர் விடாமல் உழைத்தது மாநகராட்சியில். சுமார் 40 ஆண்டுகள். தலைவராக இருந்தபோது, அதே 1920-இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கினார். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. வங்கியில் கணக்கு எழுதிய எனக்கு இந்த ஓரணா மறப்பதில்லை.

மாம்பலம் ஏரிப் பக்கம் பூங்காவும் அகலச் சாலைகளுமாகப் புதுநகர் எழுந்தபோது அவர் பெயரை வைத்தார்கள். அது நிரம்பி வழிவதை அவர் பார்க்கவில்லை, 1925-இல் காலமானார்.

அடுத்த முறை பாண்டி பஜாரில் பைகளோடு நடக்கும்போது சாலைப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். அதுவும் அவர் பெயர்தான்.